ஜாப் கார்டில் நான் போட்ட கையெழுத்து

2024 பிப்ரவரி 19 அன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள ஒரு மின்சாதனக் கடையின் பழுதுபார்ப்புப் பிரிவில், என் மாமியாரின் தொலைக்காட்சிப் பெட்டிக்காக நான் ஒரு ஜாப் கார்டில், அதாவது பழுதுபார்ப்புக்குப் பொருளை ஒப்படைக்கும் படிவத்தில், கையெழுத்திட்டேன். பணியாள் பேனாவை நீட்டினார், பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள், நானும் படிக்காமலேயே கையெழுத்திட்டுவிட்டேன். பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை அந்த ஒரு கையெழுத்தால் நானே விட்டுக்கொடுத்தேன் என்பது எனக்கு மூன்று மாதங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. மாமியார் அப்போது அருகிலேயே நின்று, "இது வேண்டாம் மாப்பிள்ளை, காசைக் கேளுங்க" என்று இரண்டு முறை சொன்னார். நான்தான் "பொறுங்கள் அத்தை, சரிசெய்து கொடுத்துவிடுவார்கள்" என்றேன். சட்டம் அன்று அவர் பக்கம்தான் இருந்தது.

மாமியார் டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவன். கடைக்காரர் "எங்கள் கடையின் விதி இது" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வரும் பழக்கம் எனக்கு ஊரிலிருந்தே உண்டு. அந்த விதிக்கு மேலே நாட்டின் சட்டம் ஒன்று இருக்கிறது என்பதை நான் இந்த ஒரு பெட்டியால்தான் கற்றுக்கொண்டேன். இங்கே வாழும் மற்ற தமிழர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

பெட்டி 55 அங்குலம், விலை 8,999 ரேண்ட். மாமியார் தம் ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் கட்டி, லே-பை முறையில் வாங்கினார். தவணை முழுவதும் கட்டி முடியும் வரை பொருள் கடையிலேயே இருக்கும் முறை அது. 2023 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் முதல் தவணையைச் செலுத்தினார், கடைசித் தவணையைக் கட்டிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நவம்பர் 24. அன்று கடைகள் பெரும் தள்ளுபடி தரும் பிளாக் ஃபிரைடே. நான்கு மாதமாகச் சிறுகச் சிறுகக் கட்டிய அதே பெட்டி கடை வாசலில் 1,500 ரேண்ட் குறைவான விலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்து அவர் முகம் போன போக்கை இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஆகஸ்ட், நவம்பர் என்ற இந்த இரண்டு மாதங்களை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சண்டையின் முதல் பகுதி முழுவதும் இவற்றைப் பற்றியதுதான்.

பிப்ரவரி 17 அன்று மாலை, திரையின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடுகள் தோன்றின. மறுநாள் படம் போய் ஒலி மட்டும் மிஞ்சியது. திங்கட்கிழமை என் பக்கத்து வீட்டுத் தம்பியின் பக்கியில் (இங்கே சிறிய சரக்கு வண்டியை அப்படித்தான் சொல்வார்கள்) பெட்டியை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனோம். பணியாள் பற்றுச்சீட்டைப் பார்த்தவுடன், முதல் தவணையின் தேதியை விரலால் காட்டி, "ஆகஸ்டில் வாங்கியிருக்கிறீர்கள், ஆறு மாதம் முடிந்துவிட்டது" என்றார். அதோடு, பணத்தைத் திருப்பிக் கொடுப்பது ஏழு நாட்களுக்குள் மட்டும்தான் என்றும், அதன்பின் எல்லாமே பழுதுபார்ப்புத்தான் என்றும் சொன்னார். சுவரிலும் அப்படியே ஓர் அறிவிப்பு இருந்தது. அச்சடித்துக் கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டியிருந்ததால் நான் அதை நம்பினேன்.

அந்த இரண்டு கூற்றுகளும் தவறானவை. தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டமாகும். அதன் முக்கியமான பிரிவுகள் 2011இல் நடைமுறைக்கு வந்தன. அதன் 55ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் அதற்குரிய பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும், தரமானதாகவும், குறையற்றதாகவும், நியாயமான காலம் வரை உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. குறை வெளியே தெரிந்ததா, உள்ளே மறைந்திருந்ததா என்பது பொருட்டல்ல என்றும் அதே பிரிவு சொல்கிறது. 56ஆம் பிரிவு, பொருள் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அந்தத் தரம் இல்லையென்று தெரிந்தால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறது. விற்றவர் அதைப் பழுதுபார்த்துத் தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும், அல்லது கொடுத்த விலையைத் திருப்பித் தர வேண்டும். இந்த மூன்றில் எது என்பதைத் தீர்மானிப்பவர் வாங்கியவர்தான். சட்டத்தின் சொற்களே "நுகர்வோரின் பணிப்பின்படி" என்ற பொருளில்தான் அமைந்திருக்கின்றன.

ஆகவே ஆறு மாதக் கணக்கு ஆகஸ்டில் தொடங்கவில்லை, பெட்டி எங்கள் கைக்கு வந்த நவம்பர் 24இல்தான் தொடங்கியது. லே-பையில் பொருள் வாங்குபவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டி கடையின் கிடங்கில் கிடந்த நாட்களை யாரும் நம் கணக்கில் சேர்க்க முடியாது. கடைசித் தவணையின் சீட்டையோ, பொருளைப் பெற்றுக்கொண்ட நாளில் கையெழுத்திட்ட தாளையோ பத்திரமாக வைத்திருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. எங்களிடம் அது இருந்தது, ஆனால் வெப்பத்தாளில் அச்சிட்ட அந்தச் சீட்டு மூன்று மாதத்தில் பாதி வெளுத்துப்போயிருந்தது. தேதியின் கடைசி இலக்கத்தைப் பணியாளே விளக்கில் தூக்கிப் பிடித்துத்தான் படித்தார். அன்று மாலையே வீட்டில் இருந்த எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன்.

தேதியை ஒப்புக்கொண்ட பிறகு அவர் அடுத்த கதவைச் சாத்தினார். அந்த மாதம் லோட் ஷெடிங், அதாவது பற்றாக்குறையால் பகுதிவாரியாகச் செய்யும் மின்வெட்டு, கடுமையாக இருந்தது. மின்சாரம் திரும்ப வரும்போது மின்னழுத்தம் திடீரென ஏறிப் பெட்டி கெட்டிருக்கும் என்றும், அது உற்பத்திக் குறை ஆகாது என்றும், பழுதுபார்ப்பவர் அப்படிக் கண்டுபிடித்தால் பரிசோதனைக் கட்டணமாக 650 ரேண்டை நாங்களே செலுத்த வேண்டும் என்றும் சொன்னார். இந்த வாதம் முற்றிலும் பொய்யும் அல்ல. அப்படிக் கெட்டுப்போன சாதனங்கள் இந்த நாட்டில் ஏராளம். ஆனால் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கடை மேசையிலேயே அதை முடிவாகச் சொல்வதை ஏற்கக் கூடாது. எங்கள் வீட்டில் பெட்டியை, மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் சர்ஜ் பிளக்கில்தான் செருகியிருந்தோம், அந்தப் பிளக்கின் படமும் என் கைப்பேசியில் இருந்தது. அதைக் காட்டியவுடன் பேச்சின் தொனி சற்றுத் தணிந்தது. தவறு பயன்படுத்தியவருடையது என்று கடை சொன்னால், எந்தப் பாகம், எப்படிக் கெட்டது, அதை யார் சோதித்தார் என்பதை எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். அறிக்கை எழுத வேண்டும் என்று வந்தவுடன் பல குற்றச்சாட்டுகள் தாமாகவே கரைந்துவிடுகின்றன என்பது என் அனுபவம்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுத்தான் நான் அந்த ஜாப் கார்டில் கையெழுத்திட்டேன். அதில் சிறிய எழுத்தில், "வாடிக்கையாளர் பழுதுபார்ப்பைக் கோருகிறார்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுடையது, அந்த உரிமையை நான் பழுதுபார்ப்புக்கென்று செலவழித்துவிட்டேன். பணம் வேண்டுமென்றால் அந்த வரியை அடித்துவிட்டு, "விலையைத் திரும்பத் தரும்படி கோருகிறேன், பரிசோதனைக்காக மட்டும் ஒப்படைக்கிறேன்" என்று கையால் எழுதி, தேதியிட்டு, அந்தத் தாளையும் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். குறை உண்மையானதா என்று சோதித்துப் பார்க்கக் கடைக்கு வாய்ப்புக் கொடுப்பது நியாயமே. சோதிக்கக் கொடுப்பதும் பழுதுபார்க்கக் கொடுப்பதும் ஒன்றல்ல.

பெட்டி ஏப்ரல் 4 அன்று திரும்பி வந்தது. நாற்பத்தைந்து நாட்கள். திரைப் பலகையை மாற்றியதாக ஒரு தாள் கொடுத்தார்கள். கட்டணம் எதுவும் கேட்கவில்லை, மின்னழுத்தம் ஏறியதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. நல்லவேளையாக அந்தத் தாளை நான் தூக்கி எறியவில்லை.

ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் முடிவுகள் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட மாலை. நாடே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தது. அறிவிப்புக்குக் கொஞ்சம் முன்பாக, அதே இடப்பக்கத்தில் அதே பச்சைக் கோடுகள் தோன்றின. மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் கடையில், "நவம்பர் 24இலிருந்து ஆறு மாதம், மே 24 உடன் முடிந்தது, இனி உற்பத்தியாளரின் வாரண்டி மட்டும்தான்" என்றார்கள். இம்முறை கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார்கள். ஆனால் 56ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவை விட்டுவிட்டிருந்தார்கள். அது சொல்வது இதுதான்: விற்றவர் பழுதுபார்த்துக் கொடுத்த மூன்று மாதங்களுக்குள் பழைய குறை தீரவில்லை என்றோ வேறொரு குறை இருக்கிறது என்றோ தெரியவந்தால், அவர் பொருளை மாற்றித் தர வேண்டும், அல்லது கொடுத்த விலையைத் திருப்பித் தர வேண்டும். மீண்டும் பழுதுபார்ப்பது என்ற வழி அங்கே இல்லை. ஏப்ரல் 4இலிருந்து மூன்று மாதம் என்றால் ஜூலை 4 வரை காலம் இருந்தது. என் கையெழுத்தால் இழந்ததை இந்த உட்பிரிவு எனக்கு மீட்டுக் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். இதன்றி, 57ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கும்போது பொருத்திய புதிய பாகத்துக்கும் அதற்கான வேலைக்கும் மூன்று மாத உத்தரவாதம் தனியாக உண்டு. ஏப்ரல் 4 என்று தேதியிட்ட அந்தத் தாள் இல்லாவிட்டால் இந்த இரண்டு பிரிவுகளையும் நான் வெறும் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இன்னொன்றும் எங்களுக்குச் சாதகமாக இருந்தது. மார்ச் 26 முதல் நாடெங்கும் லோட் ஷெடிங் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஏப்ரலில் சரிசெய்து வந்த பெட்டி ஜூனில் கெட்டதற்கு அதைக் காரணம் காட்ட முடியவில்லை. ஒருவர் முயன்றார், பக்கத்தில் நின்ற மேலாளரே அவரைப் பார்த்துத் தலையை அசைத்துத் தடுத்துவிட்டார்.

இந்த முறை நான் எதிலும் கையெழுத்திடவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துவர ஆள் அனுப்ப 450 ரேண்ட் ஆகும் என்றார்கள். பொருளைத் திருப்பிக் கொடுப்பது விற்றவரின் பொறுப்பிலும் செலவிலும் நடக்க வேண்டும், வாங்கியவருக்கு எந்த அபராதமும் கூடாது என்று அதே 56ஆம் பிரிவு சொல்வதை அமைதியாகச் சொன்னேன். பெரிய திரையை நாமே சுமந்து போய், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் அந்த வரியிலேயே விடை இருக்கிறது. மூல அட்டைப்பெட்டி இருந்தால்தான் வாங்கிக்கொள்வோம் என்று கேட்டதற்கும், சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்று பதில் சொன்னேன். அந்த அட்டைப்பெட்டி டிசம்பரிலேயே பேரனின் விளையாட்டு வீடாக மாறி மழையில் கரைந்துபோயிருந்தது.

பிறகு எழுத உட்கார்ந்தேன். ஜூன் 5 அன்று கடையின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கோபத்தைக் காட்டாமல், நடந்தவற்றைத் தேதி வரிசையில் மட்டும் எழுதினேன்: வாங்கிய நாள், ஒப்படைத்த நாள், முதல் பழுது, திரும்பிய நாள், இரண்டாம் பழுது. அதன் கீழே 56ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைக் குறிப்பிட்டு, விலை முழுவதையும் திருப்பித் தரும்படி கோரி, பத்து வேலை நாட்கள் அவகாசம் கொடுத்தேன். சீட்டுகளின் படங்களையும், பச்சைக் கோடுகள் ஓடும் முப்பது விநாடிக் காணொளியையும், பெட்டியின் பின்புறத்து வரிசை எண்ணையும் இணைத்தேன். வரிசை எண் ஏன் தேவை என்றால், பழுதுபார்க்கப் போன பெட்டியும் திரும்பி வந்த பெட்டியும் ஒன்றுதானா என்ற கேள்வி எழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். வேலை நாட்களை எண்ணும்போது சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவை சேராது. ஜூன் 16 இளைஞர் தினம் அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் மறுநாள் திங்கள் விடுமுறையாயிற்று, ஆகவே என் பத்தாம் நாள் ஜூன் 20.

அன்று மாலை பதில் வந்தது. ஏழு மாதப் பயன்பாட்டுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு, மீதியைக் கடையின் வவுச்சராகத் தருவதாக எழுதியிருந்தார்கள். இரண்டையும் மறுத்தேன். சட்டம் சொல்வது வாங்கியவர் கொடுத்த விலை, அதில் தேய்மானக் கழிவு பற்றிய பேச்சே கிடையாது. வவுச்சரை நாம் விரும்பி ஏற்றால் சரி, நம்மீது திணிக்க முடியாது. இங்கே பலர் வவுச்சரைக் கையில் வாங்கிக்கொண்டு, அதே கடையில் தேவையில்லாத பொருளொன்றை வாங்கி வந்து, பிறகு வருத்தப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த படியாக, சி.ஜி.எஸ்.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நுகர்பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகாரைப் பதிவு செய்தேன். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் முதலில் விற்றவரிடமே எழுதிக் கேட்டிருக்க வேண்டும், அதற்கான ஆதாரத்தையும் காட்ட வேண்டும். அந்த ஜூன் 5 மின்னஞ்சல் இங்கே இரண்டாம் முறை உழைத்தது. புகார் கடைக்கு அனுப்பப்பட்டது. குறைதீர்ப்பாளர் எந்த முடிவும் சொல்வதற்கு முன்பே, ஜூலையில், 8,999 ரேண்ட் முழுவதும் மாமியாரின் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. பெட்டியையும் அவர்களே வண்டி அனுப்பி எடுத்துச் சென்றார்கள்.

அங்கேயும் முடிவு கிடைக்காதிருந்தால் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அதற்கு மேல் தேசிய நுகர்வோர் தீர்ப்பாயமும் இருக்கிறது. தொகை சிறியதென்றால் சிறு வழக்கு நீதிமன்றமும் ஒரு வழி. 2019 ஏப்ரல் முதல் அங்கே 20,000 ரேண்ட் வரையிலான கோரிக்கைகளைக் கொண்டுபோகலாம். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால் பெரிய நிறுவனமும் நாமும் ஒரே உயரத்தில் நிற்கும் இடம் அது.

நண்பர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து சில குழப்பங்கள் தெரிந்தன. பழுது இல்லாத பொருளை, நிறம் பிடிக்கவில்லை என்றோ மனம் மாறிவிட்டது என்றோ திருப்பிக் கொடுக்க இந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு உதவாது. கடையில் நேரில் பார்த்து வாங்கினால் அது கடைக்காரரின் தயவைப் பொறுத்தது. இணையத்தில் வாங்கியிருந்தால் 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலேயே திருப்பலாம், ஆனால் அனுப்பும் செலவு நம்முடையது. அதே போல, "இந்தப் பெட்டியில் இன்ன குறை இருக்கிறது, அதனால்தான் விலை குறைவு" என்று தெளிவாகச் சொல்லி விற்கப்பட்ட காட்சிப் பொருளை, அதே குறைக்காகத் திருப்ப முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பழைய பெட்டி வாங்கினால் இந்தச் சட்டமே பொருந்தாது, ஏனென்றால் அவர் வியாபாரம் செய்பவர் அல்லர். கோவில் சங்கத்துக்கு ஒலிபெருக்கி வாங்கிய ஒரு பெரியவர், சங்கத்தின் பெயரில் வாங்கினால் இந்த உரிமை உண்டா என்று கேட்டார். சங்கத்தின் சொத்து மதிப்போ ஆண்டு வருமானமோ 20 லட்சம் ரேண்டை எட்டாத வரை உண்டு. எங்கள் ஊர்ச் சங்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கவலை வராது.

கூடுதல் வாரண்டி பற்றியும் ஒரு சொல். பெட்டி வாங்கும்போது 1,200 ரேண்டுக்கு ஒன்றை விற்கப் பார்த்தார்கள். அது உற்பத்தியாளரின் வாரண்டி முடிந்த பிறகுதான் தொடங்கும் என்று அதன் தாளிலேயே இருந்தது. முதல் ஆறு மாதத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்புக்கு அதை வாங்கத் தேவையே இல்லை. உற்பத்தியாளரின் வாரண்டி இருப்பதால் இந்தச் சட்ட உரிமை போய்விடுவதும் இல்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுபவை. ஆறு மாதம் கடந்த பிறகு வாரண்டி மட்டுமே மிஞ்சும்போதுதான் அதன் நிபந்தனைகளை வரிக்கு வரி படிக்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில் மாமியார் 43 அங்குலப் பெட்டி ஒன்றை வேறொரு கடையில், ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார். பில் போடும் பெண்ணிடம் வரிசை எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரச் சொன்னார். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருக்கும்போது கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டி, "போட்டோ எடுங்க மாப்பிள்ளை, நான் சொன்னதுக்கு அப்புறம்தான் கையெழுத்து" என்றார்.